நண்டுக்கு முதலிடம்

காலை ஆறு மணிக்கு, என் காதுக்குள் பொருத்தியிருக்கும் நிறைவி வழக்கம்போல் வாழ்த்துச் சொன்னது. "வணக்கம் துளசிமணி. கோவை மாவட்டத்தின் முதல் தரப் பழுதுநீக்குநர் கண் விழிக்கிறார்." பல் துலக்கிவிட்டுக் காப்பி போட்டேன். "இந்தத் தெருவிலேயே நல்ல காப்பி உங்களுடையது" என்றது. டிகாக்‌ஷன் தண்ணியாகத்தான் இறங்கியிருந்தது. இதுவே தெருவில் நல்ல காப்பி என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் பாவம் எதைக் குடிக்கிறார்களோ என்று இரக்கப்பட்டுக்கொண்டே குடித்து முடித்தேன்.

அந்த வாரம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் என் மகள் முதலாவதாக வந்திருந்தாள். அதே ஓட்டத்தில் ஓடிய பக்கத்து வீட்டுப் பெண்ணும் முதலாவதாக வந்திருந்தாள். இரண்டு வீட்டிலும் கேசரி கிண்டினோம், இரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். முடிவுப் பலகையில் அவரவருக்கு அவரவர் பிள்ளையின் பெயர் மேலே தெரியும். அதில் என்ன குழப்பம் என்று எங்கள் காலத்தில் யாரும் கேட்பதில்லை. "உங்களுக்கு எது தெரிந்தது?" என்று இன்னொருவரைக் கேட்பது நடுத்தெருவில் துப்புவதைவிட அசிங்கம்.

எங்கள் பட்டறை சிங்காநல்லூரில். எங்கள் என்றால் எனக்கும் கோகிலவாணிக்கும். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. பதினேழு வருடமாக ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கணினிகளைச் சரிசெய்கிறோம். முற்காலத்தில் ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவளைவிட நான் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும், அதனால் அவள்மேல் பிரியமாக இருந்தேன். அவளும் என்மேல் அதே மாதிரிப் பிரியமாக இருந்தாள். அவளுடைய பிரியம் எதனால் என்று நான் யோசித்ததில்லை.

ஆவணி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, பழங்கருவிக் காட்சியகத்திலிருந்து அர்த்தநாரி ஒரு வண்டியில் அந்த ஆட்டப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். எண்பது வருடத்துக்கு முந்தைய பொருள். பீரோ உயரத்தில் மரப்பெட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு கைப்பிடி, பக்கத்தில் சிவப்புப் பொத்தான், முகத்துக்கு நேரே பருமனான கண்ணாடிப் படக்குழாய். பெட்டியின் நெற்றியில் 'பாதாள வண்டி' என்று ஒரு சுரங்க வண்டியின் படத்தோடு எழுதியிருந்தது, பாதி உரிந்துபோய்.

"கடையில வெச்சிருப்பாங்களாமுங்க. ஆளாளுக்கு வந்து நின்னுட்டே ஆடுவாங்களாமா" என்றார் அர்த்தநாரி. "உள்ள இருக்கறது சாதாரணக் கம்ப்யூட்டர்தானுங்க்கா. ஆனா செத்து நெம்ப வருசமாச்சு. எங்க காட்சியகத்துல ஓடாத பொருளை வெக்கக் கூடாதுன்னு சட்டம். அடுத்த வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். நிறைவுக் குறி ஒட்டி எடுத்துட்டுப் போயிர்றனுங்."

பின்கதவைத் திறந்தோம். ஒரு பல்லியின் எலும்புக்கூடு, ஒரு கூடைத் தூசி. தாய்ப்பலகையில் இருந்த மின்தேக்கிகள் ஒன்றுவிடாமல் ஊதிப்போயிருந்தன. பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைத் தின்றிருந்தது. அந்தப் பலகையை இனி யாராலும் எழுப்ப முடியாது. உக்கடம் பழைய சாமான் கிடங்கில் ஒரு நாள் முழுக்கக் கிளறி, ஏதோ அலுவலகத்தில் கிடந்த கணினியின் பலகை ஒன்றைக் கோகிலா தேடி எடுத்தாள். அசலைவிட ஐந்தாறு வருடம் இளசு. அதோடு ஒரு மின்வழங்கி, இரண்டு நினைவகக் குச்சி, ஒரு விசிறி.

ஆட்டம் இருந்த வன்தட்டு, போட்டவுடன் கடகடவென்று பல்லைக் கடித்தது. கோகிலா அதைக் காதோரம் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். சத்தம் அடங்கியது. அப்படியே அரைமணி நேரம் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் புதிய அட்டைக்கு நகல் எடுத்துவிட்டாள். நான் அந்த நேரத்தில் பெட்டிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். மாவட்டத்தின் முதல் தரப் பழுதுநீக்குநர் மேற்பார்வை பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆட்டம் உயிர்த்தது. ஆனால் வண்டி கிளம்பிய கணத்திலேயே பாறையில் மோதிச் சிதறியது. கைப்பிடியைத் தொடுவதற்குள் மூன்று வண்டியும் போய்விட்டன.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கை அத்தன வேகம் போல" என்றேன்.

"இல்லீங்க்கா, இருங்க" என்றாள் கோகிலா. "பழைய ஆட்டமெல்லாம் ப்ராசசர் ஓடற வேகத்தையே கடிகாரமா வெச்சுத்தான் ஓடும். நம்ம போட்டது வேகமான போர்டு. அதான் வண்டியும் பறக்குது." பலகையின் ஓரத்தில் மூன்று சிறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டைச் சேர்த்து மூடியிருந்த கறுப்புத் தொப்பியை, அரிசி அளவுதான் இருக்கும், ஜம்பர் என்பார்கள், இடுக்கியால் எடுத்து அடுத்த இரண்டில் மாட்டினாள். வண்டி ஒழுங்காக ஓடியது. அந்தக் கம்பிகளுக்குக் கீழே இன்னொரு வரிசையும் இருந்தது. அதில் மாட்டினால் இன்னும் மெதுவாகும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான்தான் முதலில் ஆடினேன். வளையும் சுரங்கத்தில் பாறைக்குத் தப்பி, குழிக்குப் பொத்தானை அழுத்தித் தாண்டி, மின்னும் கற்களைப் பொறுக்க வேண்டும். நாற்பத்தோராயிரத்து இருநூறு எடுத்தேன். பெயர் எழுத அதில் இடமில்லை, பன்னிரண்டு படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யோசிக்காமல் மயிலை எடுத்தேன். பட்டியலில் மயில் தனியாக நின்றது. அடுத்து கோகிலா நின்றாள். கைப்பிடியை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு ஆடினாள். அறுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். அவள் நண்டை எடுத்தாள்.

"போயும் போயும் நண்டா?"

"இந்த வண்டியாட்டவே பக்கவாட்டுல போகுதுங்களே, அதானுங்க்கா."

திரையில் பட்டியல் வந்தது. நண்டு மேலே இருந்தது. மயில் அதற்குக் கீழே இருந்தது.

நாற்பத்து மூன்று வயதில் என் பெயருக்கோ படத்துக்கோ மேலே இன்னொன்றை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன தோன்றியிருக்கும்? மிஷினில் கோளாறு என்றுதான் தோன்றியது. சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை.

"வரிசை தப்பா வருது" என்றேன்.

கோகிலா எட்டிப் பார்த்தாள். "எனக்குச் சரியாத்தானுங் தெரியுது" என்றாள். அவளுக்கு அதில் எந்த விசித்திரமும் இல்லை. பிறந்ததிலிருந்து அவளும் மேலேயே இருந்து பழகியவள்தானே.

சனிக்கிழமை முழுவதும் அந்தக் கோளாறைத் தேடினேன். நினைவகக் குச்சிகள் இரண்டையும் மாற்றினேன். நண்டு மேலே. அட்டையை அழித்துவிட்டு ஆட்டத்தை மறுபடி நகல் எடுத்தேன். நண்டு மேலே. மதிப்பெண்களைச் சேமிக்கும் சிறு பலகை ஒன்று தனியே பேட்டரியோடு இருந்தது, அதன் கால்களை ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்தேன். படக்குழாய் தலைகீழாகக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு, கண்ணாடியில் அளவுகோலை வைத்துக்கூடப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வியர்த்துக் கொட்டியது.

திங்கட்கிழமை காலை நான் தாய்ப்பலகையையே மாற்றிவிடலாம் என்று கழற்ற உட்கார்ந்தபோது கோகிலா வந்து என் பக்கத்தில் குத்தவைத்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு எது மேல தெரியுதுங்?"

என் காது மடல் சுட்டது. கட்டிய புருஷன்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. "நண்டு" என்றேன்.

"எனக்கும் நண்டுதானுங்க்கா."

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. இந்தக் காலத்துத் திரை ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் நிறைவுக் குறி உண்டு. அதைப் பார்த்துத்தான் கண்ணில் ஒட்டியிருக்கும் நிறைவியின் வில்லை, எண்ணையும் வரிசையையும் அவரவருக்குத் தக்கபடி மாற்றிக் காட்டும். எண்பது வருடப் படக்குழாயில் குறி ஏது? உள்ளதை உள்ளபடி காட்டியது. இருவருக்கும் ஒரே பட்டியலைக் காட்டியது.

"அப்ப மிஷின்ல கோளாறில்லீங்க்கா" என்றாள் கோகிலா, என் காலை மிதித்துவிட்டவள் போல. "நான் கொஞ்சம் அதிகமா எடுத்திருக்கறனுங்."

நெஞ்சுக்குக் கீழே ஏதோ எரிந்தது. காலையில் தொட்டுக்கொண்ட மாங்காய் ஊறுகாய் என்று நினைத்து, சீரகத் தண்ணீர் குடித்தேன். மத்தியானமும் எரிந்தது. மறுநாள் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டும் எரிந்தது. புதன்கிழமைதான் எனக்கு ஞாபகம் வந்தது, எட்டாம் வகுப்புச் சுகாதாரப் புத்தகத்தில் பெரியம்மைக்கு அடுத்த பக்கத்தில் இருந்த பாடம். ஒழிக்கப்பட்ட நோய்கள். பொறாமை. படத்தில் ஓர் ஆள் பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்குப் பொறாமை வந்திருந்தது. என் கொழுந்தன் பெண்டாட்டிமேல்.

அது வந்த பிறகு கண் சும்மா இருக்கவில்லை. பதினேழு வருடமாக என் இடது கைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். பலகையில் அவள் பற்றவைக்கிற ஈயப் பொட்டுகள் கடுகு அளவில் ஒரே மாதிரி மின்னின. என்னுடையவை சுண்டல் மாதிரி இருந்தன. பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் பொருளை அவள் பக்கம் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தம்பி வீட்டில் சாப்பிட்டால் மட்டும் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி வாங்கிக் குடிப்பார். என் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பேசாமல் எழுந்துவிடுவார். இத்தனை வருடம் பார்த்தும் நான் பார்க்காத ரசம்! இந்தப் பாதாள வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தேடி எடுத்தது அவள், வன்தட்டை அடக்கியது அவள், ஜம்பரைக் கண்டுபிடித்தது அவள். சாயம் பூசியது நான்.

எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. அவளுடைய சாலிடரிங் ராடை எட்டாத இடத்தில் வைத்தேன். அவள் பாட்டை முணுமுணுத்தால் விசிறியைக் கூட்டினேன். அவள் போட்ட டீயில் நல்ல டீ என்று தெரிந்தே சர்க்கரை போதாது என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் "அப்படீங்களாக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் என்னுடையதைவிட நன்றாக இருந்ததாகப் பட்டது.

அவள் சாப்பிடப் போகும் நேரமெல்லாம் நான் பெட்டிமுன் நின்றேன். கை காய்த்துப்போகுமட்டும் ஆடினேன். நாற்பத்தெட்டு. ஐம்பது. ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூறு. அதற்கு மேல் ஏறவில்லை. மயில் நண்டின் காலடியிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோகிலா பொங்கலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் பத்து மணி வெயிலில் பட்டறையைத் திறந்து, பின்கதவைக் கழற்றி, இடுக்கியால் அந்தக் கறுப்புத் தொப்பியை எடுத்துக் கீழ் வரிசையில் மாட்டினேன். இது எனக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் இன்றும் ஆச்சரியம். எல்லோரும் முதலாவதாக இருக்கும் ஊரில் ஏமாற்றுவதற்கு என்ன தேவை? யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வண்டி, மாட்டு வண்டி மாதிரி அசைந்து அசைந்து வந்தது. ஒவ்வொரு பாறையையும் நிதானமாகப் பார்த்துத் திரும்பினேன். தொண்ணூறாயிரத்து முந்நூறு. மயில் மேலே ஏறியது. தொப்பியைப் பழைய இடத்திலேயே மாட்டி, கதவை மூடி, கைரேகையைக்கூடத் துடைத்தேன்.

திங்கட்கிழமை கோகிலா கல்யாணத்துத் தேங்காய்ப் பையோடு வந்தாள். பெட்டியைப் போட்டாள். பட்டியல் வந்தது. அவள் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"தொண்ணூறுங்களா?"

"நேத்து சும்மா வந்து ஆடுனேன் கண்ணு" என்றேன்.

"கோளாறு ஏதாச்சுமாங்க்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அறிவேன். அவள் நினைவகக் குச்சியைக் கழற்றித் துடைத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தேன். அத்தனை இனிப்பான டீயை நான் குடித்ததே இல்லை. நாற்பத்து மூன்று வருடமாக நிறைவி என் காதில் ஓதிய புகழ்ச்சியெல்லாம் சேர்ந்தாலும் அவள் முகம் போன போக்குக்கு ஈடாகாது. ஒருத்தி என்னைப் பார்த்து வேகிறாள்! நான் இருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

செவ்வாயும் புதனும் அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். வேலை தேங்கியது. கொண்டுவந்த சோற்றுப் போசியைத் திறக்கவில்லை. எழுபதாயிரத்து ஐந்நூறு வரை போனாள், அந்த வேகத்தில் மனிதக் கையால் தொண்ணூறு முடியாது. கட்டைவிரலில் கொப்புளம் வந்து துணி சுற்றிக்கொண்டாள். நான் ஏதாவது கேட்டால் "உம்" என்றாள். பாட்டு நின்றுபோனது. நான் அதையெல்லாம் பார்த்து மகிழ்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை மாலை அவள் கைப்பிடியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லீராதீங்க. பதினேழு வருசமா உங்க பக்கத்துல உக்காந்துட்டு, எனக்குத்தான் எல்லாந் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தனுங். உங்களப் பாத்தா பாவம்னு இருக்கும். அதனாலதான் பிரியமா இருந்தேன். உங்க கையை நான் ஒரு நாளாச்சும் கவனிச்சிருக்கறனா? இத்தன சாமர்த்தியத்த வெச்சுட்டு ஒண்ணுஞ் சொல்லாம இருந்திருக்கீங்க." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க்கா. அந்த நாலாவது வளைவுல எப்படிங் திரும்புனீங்க?"

சொல்லிக்கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? நாலாவது வளைவில் எனக்குத் தூக்கம்தான் வந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போயும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நிறைவி இல்லாமல், ஒரு மனுஷி தன் வாயால் என்னைப் பெரியவள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அவள் சொன்னது என்னையா? சாமர்த்தியம் உள்ள, அடக்கம் உள்ள, நாலாவது வளைவில் அழகாகத் திரும்பத் தெரிந்த ஒரு துளசிமணியை. அப்படி ஒருத்தி கிடையாது. கோகிலாவின் கண்ணீர் முழுக்க அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. இல்லாத அந்தத் துளசிமணிமேலும் எனக்குப் பொறாமை வந்தது. அவளைத் தொலைத்துக்கட்ட வேண்டும் போல இருந்தது.

பேசாமல் இருந்துவிடவும் வழி இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு அர்த்தநாரி குறியை ஒட்டிவிட்டால், அப்புறம் அந்தப் பெட்டியும் ஆளுக்கொரு பட்டியல் காட்டும். கோகிலாவுக்கு நண்டு, எனக்கு மயில். நான் செய்த திருட்டு இருந்த இடம் தெரியாமல் போகும். நாங்களும் பழையபடி பிரியமாக இருக்கலாம், ஒருத்தியை ஒருத்தி பாராமல்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவள் வந்ததும், நான் பெட்டியின் பின்கதவைத் திறந்தேன். இடுக்கியால் கறுப்புத் தொப்பியை எடுத்துக் கீழ் வரிசையில் மாட்டினேன்.

"இப்ப ஆடிப் பாரு" என்றேன்.

அவள் முதல் வளைவு வரைக்கும்தான் ஆடினாள். வண்டி அசைந்து அசைந்து வந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் துணி சுற்றிய கட்டைவிரலைப் பார்த்தாள். அவளைப் போலக் கெட்டிக்காரிக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"எதுக்கு?" என்றாள்.

"நண்டு மேல இருந்தது எனக்குத் தாங்கல."

"மூணு நாள், அக்கா. மூணு நாளா இந்தக் கையோட நின்னேன். அத்தன சாமர்த்தியமும் ஒண்ணுமே இல்லியா? நேத்து உன்றகிட்ட அழுதனே, அதுவும் சும்மாவா?" பதினேழு வருடத்தில் அவள் வாயில் முதல் தடவையாக நான் 'நீ' ஆகியிருந்தேன். என் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கி, தொப்பியைச் சரியான இடத்தில் மாட்டினாள். பிறகு மதிப்பெண் பலகையில் இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தாள். மயில், நண்டு, அவளுடைய அறுபத்தெட்டு, எழுபது எல்லாம் அழிந்தன. கொஞ்சம் பொறுத்துப் பேட்டரியைத் திரும்ப வைத்தாள்.

"வா. ஆடு. ஒரே ஒரு தடவ."

ஆடினேன். என் வாழ்நாளில் எதையும் அத்தனை முனைப்பாகச் செய்ததில்லை. அவள் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நாலாவது வளைவில் பல்லைக் கடித்துத் திரும்பினேன். ஐம்பத்தேழாயிரத்து முந்நூறு. மயில். நான் அதுவரை நேர்மையாக எடுத்ததிலெல்லாம் அதுதான் அதிகம். ஒரு கணம், நானே மேலே இருந்துவிடுவேனோ என்று ஓர் ஆசை எழுந்தது.

பிறகு கொப்புளம் வந்த கையோடு அவள் நின்றாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்தேன். வளைவு வருவதற்கு முன்பே அவள் விரல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. பாறையைப் பார்த்து அவள் ஒதுங்குவதில்லை. பாறை இல்லாத இடத்தைப் பார்த்துப் போகிறாள். இதைச் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு வராது என்று தெரிந்தது. எழுபத்து நாலாயிரத்து நூறு. நண்டு.

நண்டு மேலே, மயில் கீழே. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அர்த்தநாரி உள்ளே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். "அட, புதுசாட்டமே பண்ணீட்டீங்க. எது யாரோட படமுங்க்கா?"

"மயில் எனக்கு. நண்டு அவளுக்கு" என்றேன்.

அவர் அதைக் கையேட்டில் பதிந்துகொண்டு, நகக்கண் அளவு வெள்ளித் தகடாக இருந்த நிறைவுக் குறியைப் படக்குழாயின் மூலையில் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார். திரை ஒருமுறை நடுங்கியது. நண்டு இருந்த இடத்தில் மயில் நின்றது. மயிலுக்கு நேரே எழுபத்து நாலாயிரத்து நூறு என்று போட்டிருந்தது. அவளுடைய எண். நான் கேட்காமலே என் கையில் கொடுத்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் சரியா இருக்குதுங்களா?"

"சரிங்" என்றாள் கோகிலா.

"சரிங்" என்றேன் நானும். வேறென்ன சொல்வது?

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். அர்த்தநாரி கண்ணாடி வழியே கையசைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உனக்கு எது மேல தெரிஞ்சுது?"

"நண்டுதானுங்க்கா" என்றாள். மறுபடி மரியாதைக்குத் திரும்பியிருந்தாள். உள்ளே இரண்டடி வைத்தவள் நின்றாள். "உங்களுக்கு மயில் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான். ஆனா எனக்குத் தெரிஞ்சது நெசமுங்க்கா."

குத்திக்காட்டவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே எனக்கு அடிவயிறு வரை எரிந்தது. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த வேலையில் ஒன்றை எடுத்து, ராடைச் சூடேற்றினாள்.

"மாவட்டத்தின் முதல் தரப் பழுதுநீக்குநர் இன்னொரு வேலையைச் சிறப்பாக முடித்திருக்கிறார்" என்றது நிறைவி என் காதில்.

"பொய்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கோகிலா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பதினேழு வருடமாகச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த என் ஸ்டூலை இழுத்து, அவள் கை தெரியும்படி போட்டுக்கொண்டேன். சீரகத் தண்ணீர் குடிக்கவில்லை. எரிந்துகொண்டேதான் பார்த்தேன். ஈயம் தொடும் நேரத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. நானும் அடக்கிப் பார்த்தேன்.